கையெழுத்து வைக்கப்போவது யார்?

கொழும்பில் வீடு தேடுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, காலி வீதியிலிருந்து எவ்வளவு தூரம், தண்ணீர் ஒழுங்காக வருமா, வாகனத் தரிப்பிடம் உண்டா என்று கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டை விற்று, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கி முடித்த பிறகு, யார் என்னிடம் ஆலோசனைக்கு வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: வீட்டின் உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப்போவது யார்? அவர் உயிரோடு இருக்கிறாரா, எந்த நாட்டில் இருக்கிறார், அவருக்கு எத்தனை சகோதரர்கள், மணமானவரா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் யன்னலைத் திறந்து கடலைப் பார்ப்பதில் பயன் இல்லை.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றியவர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், சொத்து உறுதிகளை எழுதும் எங்கள் நொத்தாரிசு ஐயா. வயதானவர், மெதுவாகத்தான் பேசுவார். கொட்டாஞ்சேனை வீட்டுக் கடதாசிகளை நான் மேசையில் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பிள்ளை, இது யாருடைய வீடு?” என்றார். “அம்மாவின் வீடு, ஐயா” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படியென்றால் ஏன் உறுதி அப்பாவின் பேரில் இருக்கிறது?” என்று கேட்டார்.

அப்பா 2014இல் காலமானார். மரணசாதனம், அதாவது உயில், எழுதவில்லை. வீட்டில் அம்மா இருந்தார், மாநகர சபையின் சோலை வரியை அம்மாவே கட்டினார், ஆகவே அது அம்மாவின் வீடு என்று ஊர் முழுவதும் நினைத்தது. சட்டத்தின் கணக்கு வேறு. மரணசாதனம் இல்லாமல் இறந்தவரின் வீட்டில் பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்கு. நாங்கள் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் என்பதால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எங்களுக்குப் பொருந்தும். அதன்படி பார்த்தாலும், திருமணத்தின் பின் வாங்கிய வீடு தேடிய தேட்டம். அதுவும் பாதிக்குப் பாதிதான். மூன்று பிள்ளைகள் என்றபடியால் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. நான்கு பேரும் சேர்ந்தால்தான் வீடு விற்கப்படும். அதற்கும் முன்னர் மாவட்ட நீதிமன்றத்தில், இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குத் தீர்த்துக் கொடுக்கும் மரணசாதன வழக்கு (மரணசாதனம் இல்லாவிட்டாலும் பெயர் அதுதான்) நடந்து முடிய வேண்டும். கொழும்பு வீடு ஒன்றின் பெறுமதிக்கு அந்த வழக்கு இல்லாமல் வாரிசுகள் கைமாற்ற முடியாது. பத்திரிகை அறிவித்தல், தவணை, மீண்டும் தவணை என்று அது தன் வேகத்தில்தான் நகரும். விற்க நினைப்பவர்கள் தரகரிடம் சொல்வதற்கு முன் இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. வாங்க ஆள் கிடைத்த பிறகு வழக்குப் போட்டால், அந்த ஆள் காத்திருக்க மாட்டார்; காத்திருந்தாலும் விலையைக் குறைத்துக் கேட்பார்.

அண்ணா டொரொன்டோவில், அக்கா லண்டனில். இருவரும் வந்து கையெழுத்து வைக்க முடியாது. ஆகவே அற்றோணித் தத்துவம்: அவர்கள் சார்பில் கையெழுத்து வைக்க இங்கே ஒருவருக்கு எழுதித் தரும் அதிகாரம். கொழும்புத் தமிழர் வீட்டு விற்பனைகளில் பாதிச் சிக்கல் இந்த ஒரு கடதாசிக்குள்தான் இருக்கிறது என்பது என் துணிபு. பிறப்புச் சான்றிதழில் அண்ணாவுக்கு இருப்பது ஒரு பெயர்தான். அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். கனேடியக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிப் பின்னால் போய்விட்டது. அக்காவுக்குத் திருமணத்தின் பின் அத்தானின் பெயர் சேர்ந்துகொண்டது. உறுதியில் அப்பாவின் பெயரோ ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்தது. இவை எல்லாம் ஒரே ஆட்களைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசிகள் முடிக்க வேண்டியிருந்தது. தத்துவத்தை அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டு, இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்வதே பாதுகாப்பான வழி. “என் சொத்துக்களை நிர்வகிக்க” என்ற பொதுவான வாசகம் போதாது. இன்ன வீட்டை விற்க, உறுதியில் கையெழுத்திட என்று காணியின் விபரத்தோடு தெளிவாக இருக்க வேண்டும்.

தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய தத்துவம் ஒன்றை வைத்துக்கொண்டு, கொடுத்தவர் காலமான பின்னரும் விற்க முயன்ற கதைகள் புதுக்கடையில் நிறைய உண்டு. அதனால் எங்கள் வீட்டை வாங்கியவர்கள், உறுதி எழுதும் நாளன்று அண்ணாவை வீடியோ அழைப்பில் பார்க்க வேண்டும் என்றார்கள். இங்கே காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. அண்ணாவுக்குக் கோபம். எனக்கு அது நியாயமான கோரிக்கையாகவே பட்டது. பிறகு நான் வாங்கப் போன இடங்களில் நானும் அதையே கேட்டேன்.

அண்ணாவின் கோபத்துக்கு உண்மையான காரணம் விலை. ஸ்காபரோவில் யாரோ ஒருவர் கொட்டாஞ்சேனையில் ஒரு பேர்ச் காணி என்ன விலை போகிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் எப்போதும் எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. அவர் சொல்லும் விலைக்கு வாங்குகிறவரை மட்டும் யாரும் கண்டதில்லை. வாய்ப்பேச்சில் இதைத் தீர்க்க முடியாது. பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் பெறுமதி வாங்கி, விளம்பரத்துக்கு முன்னரே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், அதன் பிறகு சண்டை இலக்கங்களோடு நடக்கும், ஆட்களோடு நடக்காது. அதே மதிப்பீட்டாளரிடம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி அந்த வீடு என்ன பெறுமதி என்றும் கேட்டு வாங்குங்கள். 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரி நடைமுறையில் இருக்கிறது. அந்தச் செப்டெம்பர் 30ஆம் திகதி கையில் இருந்த சொத்துக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியையே கொள்விலையாகக் கொண்டு இலாபத்தைக் கணக்கிடுவார்கள். அப்பாவின் காலத்து உறுதியில் உள்ள சில ஆயிரம் ரூபாயிலிருந்து கணக்குப் பார்த்து இரவு நித்திரையைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. விற்பதற்கு முந்தைய மூன்று வருடம் தொடர்ந்து உரிமையாளராக இருந்து, அதில் இரண்டு வருடமாவது அந்த வீட்டிலேயே வசித்த இலங்கை வதிவாளருக்கு, அது அவருடைய பிரதான வதிவிடமானால் விலக்கும் உண்டு. அம்மாவின் நிலை ஒன்று, அண்ணாவின் நிலை வேறு. இதை ஒரு கணக்காளரிடம் விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், விற்ற பின்னால் அல்ல.

காணியைப் புதிதாக அளந்து பார்த்ததும் பயன்பட்டது. உறுதியில் நாலரைப் பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அப்படியென்றால் ஏறத்தாழ 1,225 சதுர அடி. நில அளவையாளர் வந்து பார்த்தபோது பின்மதில் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. பக்கத்து வீட்டார் நல்லவர்கள். மதிலை எந்தக் காலத்தில் யார் கட்டினார்கள் என்று இரு பக்கத்திலும் தெரிந்தவர்கள் இல்லை. மற்றவரின் காணியை எதிர்ப்பின்றிப் பத்து வருடம் தனதாக ஆண்டவருக்கு ஆட்சியுரிமை கோரும் வழி இருப்பதால், அந்தத் துண்டுக்காகச் சண்டை பிடிக்காமல், புதிய அளவைப் படத்தில் உள்ள பரப்பளவையே விளம்பரத்தில் போட்டோம். வாங்க வந்தவர் தானே அளந்து கண்டுபிடித்திருந்தால், அந்தச் சில அடிக்கு அவர் கேட்கும் கழிவு அதன் பெறுமதியைப் போல் பல மடங்காக இருந்திருக்கும்.

விற்பனை விலையை உறுதியில் குறைத்துக் காட்டலாமா என்று வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டார்கள். முத்திரைத் தீர்வை வாங்குகிறவர் தலையில்தான் விழும்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். இரண்டரைக் கோடி ரூபாய் வீட்டுக்கு 9,99,000 ரூபாய். வலிக்கும்தான். ஆனால் தீர்வை கணக்கிடப்படுவது சந்தைப் பெறுமதிக்கு. குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் மீண்டும் மதிப்பிட்டு மிகுதியைக் கேட்கலாம். அவர்களே ஒரு நாள் விற்கும்போது, குறைத்து எழுதிய விலை அவர்களுடைய ஆதாயத்தைப் பெருப்பித்துக் காட்டும். நாங்கள் மறுத்துவிட்டோம். நொத்தாரிசு ஐயா இதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேனாவை மட்டும் மூடி வைத்தார்.

இனி வாங்கிய கதை. விற்றதைவிட இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காசு கையில் இருக்கும்போது எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஐந்தாம் மாடி. யன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். என் கணவர் பால்கனியை விட்டு நகரவில்லை. உரிமையாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, உறுதி அவர் பேரில் சுத்தமாக இருந்தது. தரகர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயா கேட்ட கேள்வி, “அவருடைய கணவர் எங்கே?” கணவர் ஐரோப்பாவில், பேச்சுவார்த்தை இல்லை. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் ஒருவர், தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சொத்து கொழும்பில் இருப்பதால் அது மாறிவிடாது. அந்தச் சட்டம் ஆளோடு கூட வருகிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் சம்மதத்தைப் பெறலாம். அந்தப் பெண்மணிக்கு இது தெரிந்தபோது முகம் வாடிவிட்டது. தன் உழைப்பில் வாங்கிய வீட்டை விற்க, பல வருடமாகத் தொடர்பே இல்லாத ஒருவரிடம் கையேந்துவதா என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் சட்டம் மாறும்வரை, அந்தச் சம்மதம் இல்லாத உறுதியை வாங்குகிறவர் வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

பம்பலப்பிட்டியில் ஒரு பழைய வீடு சந்தை விலைக்கு வெகுவாகக் கீழே வந்தது. கீழ்த்தளத்தில் நீண்டகால வாடகைக்காரர் குடும்பமாக இருந்தார். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உள்ள பழைய வாடகைக்காரரை எழுப்புவது ஒரு தலைமுறை வேலை. விலை ஏன் மலிவு என்று புரிந்ததும் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்தது புதுக் கட்டடம். பளிங்குத் தரை, புதிய லிப்ட், கட்டியவரே நேரில் வந்து காட்டினார். மேல்மாடி என்பதால் விலையில் தள்ளுபடி என்றார். கொழும்பு மாநகர சபை அனுமதித்த வரைபடத்தின் பிரதியைக் கேட்டோம். வரைபடத்தில் இருந்த மாடிகளைவிடக் கட்டடத்தில் ஒரு மாடி கூட இருந்தது. அந்தக் கூடுதல் மாடியைத்தான் எங்களுக்கு மலிவாகத் தரப்பார்த்தார். அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்று காட்டும் இணக்கச் சான்றிதழைக் கேட்டால் “அடுத்த மாதம் வந்துவிடும், தங்கச்சி” என்றார். கீழ்மாடிகளில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்கும் அதே அடுத்த மாதம்தான் சொல்லப்பட்டிருந்தது.

தொடர்மாடியில் ஒரு வீட்டுக்குத் தனி உறுதி வேண்டுமானால், இணக்கச் சான்றிதழ், கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்று, அதன்பின் ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டும், காணிப் பதிவகத்தில் பதிவான கொண்டோமினியம் வரைபடம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத கட்டடத்தில் உங்களுக்குக் கிடைப்பது காணியில் பிரிக்கப்படாத ஒரு பங்கு, அல்லது வெறும் உடன்படிக்கை. கதவுத் திறப்பு கையில் இருக்கும்; கதவுக்குப் பின்னால் உள்ளது சட்டப்படி உங்களுடையதா என்பது தெரியாது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் முழுவதையும் கைக்காசாகக் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலும், ஒரு வங்கியிடம் போய் இந்த வீட்டுக்குக் கடன் தருவீர்களா என்று கேளுங்கள். வங்கியின் சட்டத்தரணி மறுத்த வீட்டை நீங்கள் ஏன் வாங்க வேண்டும்? நாளை உங்களிடமிருந்து வாங்க வருகிறவரும் கடனுக்கு அதே வங்கிக்குத்தான் போவார்.

கடன் என்றதும் ஒரு சொல். மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்கு 2022 நன்றாக ஞாபகம் இருக்கும். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. எங்கள் உறவுக்குள்ளேயே மாதத் தவணை சம்பளத்தைத் தின்ற வீடுகள் உண்டு. முதல் சில வருடங்களுக்காவது வட்டியை நிலையாகக் கட்டிவைக்க முடியுமானால், விகிதம் கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள்.

கடைசியில் வாங்கியது மூன்றாம் மாடி. கடல் தெரியாது, பக்கத்துக் கட்டடத்தின் குளியலறை யன்னல்கள் தெரியும். வயதான தம்பதியர், இருவரும் கொழும்பில், இருவரின் பெயரும் உறுதியில், இருவருமே கையெழுத்து வைக்கத் தயார். ஐயா முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பதிவகத்தில் தேடல் எடுத்தார். ஒரு பழைய ஈடு (அடமானம்), அது மீட்கப்பட்ட பதிவு, வேறொன்றும் இல்லை. “இது அழகான வீடு” என்றார். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை.

வீட்டை நாங்கள் பார்த்தோம். ஒக்டோபரில், பின்னேர இடிமழை நேரத்தில் வேண்டுமென்றே போனோம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் சில, அரை மணி மழைக்கே முழங்காலளவு நிற்கும். வெயில் நாளில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். கூரையிலும் யன்னல் விளிம்பிலும் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம். கடலுக்கு இவ்வளவு அருகில் உப்புக் காற்று இரும்பை விட்டுவைக்காது. பால்கனிக் கம்பி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, லிப்ட் கதவின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்த்தால் கட்டடத்தைப் பராமரிக்கிறார்களா என்று தெரிந்துவிடும். கீழே காவலாளியோடு கதைத்ததில் கிடைத்த தகவல் எந்தக் கடதாசியிலும் இல்லை: ஜெனரேட்டர் லிப்டுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் மட்டும்தான், வீடுகளுக்கு இல்லை. கட்டடத்தை நிர்வகிக்கும் வீட்டு உரிமையாளர்களின் அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் அந்த வீட்டின் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினோம். தரிப்பிடம் பற்றி ஒரு எச்சரிக்கை: “இதுதான் உங்கள் இடம்” என்று கை காட்டுவது போதாது. கொண்டோமினியம் வரைபடத்தில் அந்த இடம் உங்கள் வீட்டோடு சேர்ந்த துணைக்கூறாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கட்டடத்திலேயே அப்படி இல்லாத இரண்டு வீட்டாருக்கிடையில் ஒரு கார் இடத்துக்காகப் பேச்சு நின்றுபோயிருக்கிறது.

விலை பேசியது ஆடி மாதத்தில் தொடங்கியது. நம்மவர்கள் ஆடியில் வீடு வாங்கத் தயங்குவார்கள். அதனால் விற்கிறவர்கள் இளகியிருப்பார்கள். பேசி முடித்துவிட்டு, உறுதியைப் பின்னால் நல்ல நாளில் எழுதிக்கொள்ளலாம். அம்மாவுக்கும் திருப்தி.

முற்பணத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கொப்பித்தாளில் எழுதி முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டு, அசையாச் சொத்து விடயத்தில் பலம் இல்லாதது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி, வீடு விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிய வேண்டும். நாங்கள் பத்து சதவீதம் கொடுத்தோம். உடன்படிக்கையில் எந்தத் திகதிக்குள் வீடு காலி செய்யப்படும், உரிமையில் குறை கண்டால் எத்தனை நாளில் காசு திரும்பும் என்பவை இருந்தன. மிகுதி, கையெழுத்தின்போது வங்கிப் பே ஓடராக. உறுதி ஆங்கிலத்தில் இருந்தது. ஐயா அதைப் பந்தி பந்தியாகத் தமிழில் விளக்கினார். விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கையெழுத்து முடிந்தால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இரட்டைப் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவார். அது அவருடைய கடமை, ஆனால் அது பதிவு ஆகாது. மூல உறுதியைத் தனியாகப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். பதியாத உறுதியை வைத்துக்கொண்டிருக்கும்போது அதே ஆள் அதே வீட்டை இன்னொருவருக்கு எழுதி, அவர் முதலில் பதிந்துவிட்டால் உங்கள் நிலை மோசமாகிவிடும். ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பதிவாகி வந்ததும் பதிவேட்டின் பக்கத்தை இன்னொரு தடவை தேடிப் பாருங்கள். அதன்பின் மாநகர சபையில் சோலை வரிப் பெயரையும், தண்ணீர், மின்சாரக் கணக்குகளையும் மாற்றலாம். சோலை வரிச் சீட்டில் உங்கள் பெயர் வருவது உரிமைக்குச் சான்று அல்ல, ஆனால் ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து சதவீதம் கழிவு கிடைக்கும்.